குதிக்கும் முன்னே ஒரு சொல்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று நம் ஆச்சிமார் சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். காலை விடுவதற்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், பதினாயிரம் அடி உயரத்தில் விமானத்தின் கதவைத் திறந்து உடம்பு முழுவதையும் வெறுங்காற்றில் விடுகிறவர்களை என்னென்பது! பைத்தியம் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒருநாள் நன்னெறி வகுப்பில் சிஸ்டர் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, “வாழ்நாளில் ஒருமுறையாவது செய்ய விரும்பும் காரியம் எது? பெயர் போட வேண்டாம்” என்றார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போக வேண்டும் என்று ஒன்று, அப்பாவின் தறிக்கடனை அடைக்க வேண்டும் என்று ஒன்று, கடலைப் பார்க்க வேண்டும் என்று நான்கைந்து. இடையே ஒரு தாளில், “விமானத்திலிருந்து குதிக்க வேண்டும்” என்றிருந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. எழுதியவள் எங்கள் பெஞ்சுக்காரிதான். கையெழுத்து காட்டிக் கொடுத்துவிட்டது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “குதிக்கட்டுமே. குதிப்பவர்கள் முதலில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிந்து வந்து எல்லாருக்கும் சொல்லுங்கள்” என்று எங்கள் பெஞ்சு ஐவருக்கும் வேலை வைத்துவிட்டார்கள். அந்த வேலையில் பிறந்ததே இக்கட்டுரை. நாங்கள் தேடிப் போனது ஒன்று. எங்களைப் பிடித்துக்கொண்டது வேறொன்று.

முதலில் எங்கள் கண்ணில் பட்டவள் எங்கள் வயதுக்காரி. அமெரிக்காவில் வட கரோலினாவில் பஞ்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண், ஜார்ஜியா என்று பெயர். மிகவும் சிறிய உருவம் ஆகையால் ‘டைனி’ என்றே அழைத்தார்கள். திருவிழாப் பொருட்காட்சியில் பலூனில் ஏறிப் பாராசூட்டில் இறங்கும் வித்தையைக் கண்டு, அந்தக் குழுவிலேயே சேர்ந்துவிட்டாள். 1908 டிசம்பரில் முதன்முறை குதித்தபோது அவளுக்கு வயது 15. 1913-இல் விமானத்திலிருந்து குதித்தாள். 1914-இல் சான் டியேகோவில் ராணுவத்தாருக்குக் குதித்துக் காட்டும்போது, பாராசூட்டை இழுத்து விரிக்க விமானத்தோடு கட்டியிருந்த கயிறு வாலில் சிக்கிக்கொண்டது. அடுத்த முறை அந்தக் கயிற்றை வெட்டிச் சிறு துண்டாக்கி, கீழே விழுந்துகொண்டிருக்கும்போதே தன் கையால் இழுத்து விரித்தாள். இன்று உலகமெங்கும் குதிப்பவர்கள் தம் கையால் இழுக்கிறார்களே, அதற்கு வழிகாட்டியவர்களுள் இந்தப் பஞ்சாலைச் சிறுமியும் ஒருத்தி. தறி ஓசையில் பிறந்து வளர்ந்த சங்கரன்கோவில் பெண்களாகிய எங்களுக்கு இதைப் படித்தபோது ஒரு பெருமிதம் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நம் நாட்டிலும் குறைவில்லை. விமானப்படை மருத்துவர் கீதா சந்தா 1959 ஜூலை 17 அன்று பாராசூட்டில் குதித்து, அவ்வாறு குதித்த முதல் இந்தியப் பெண்மணி ஆனார். ரயில்வேயில் பணியாற்றிய ரேச்சல் தாமஸ், இரண்டு குழந்தைகளின் தாய், 1979-இல் ஆக்ராவில் முதன்முதலாகக் குதித்தவர். 2002-இல் வடதுருவத்தின் மேலேயே குதித்தார். 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புனேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் 2004 ஏப்ரல் 18 அன்று வடதுருவத்தில் 2,400 அடியிலிருந்து குதித்தார். அதுவே அவருடைய முதல் குதிப்பு! 2011-இல் அவருக்கும் பத்மஸ்ரீ. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ‘ஒத்திகையே இல்லாமல்’ என்ற சொல்லை அழுத்தி அழுத்திச் சொல்கிறார்கள். அவருடைய துணிவை வணங்குகிறோம். ஆனால் அந்தச் சொல்லைப் பாராட்டாகச் சொல்வது எங்களுக்கு ஒப்பவில்லை. அதைப் படிக்கும் நூறு பெண்களில் ஒருத்தியாவது, ஒத்திகை என்பது கோழைகளுக்கு உரியது என்று எண்ணிவிடக்கூடாதே!

ஏனென்றால், ஆயிரக்கணக்கில் குதித்துப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. குதிப்பு என்பது கதவருகே நடக்கும் காரியம் அல்லவாம். தரையில் நடக்கும் காரியமாம். பாராசூட்டை மடிப்பதிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது. முதுகுப் பைக்குள் ஒன்றல்ல, இரண்டு பாராசூட்டுகள். முதலாவது சதி செய்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டாவதை விரிக்க வேண்டும். முதலாவதைக் குதிப்பவரே மடிக்கலாம்; இரண்டாவதை மடிக்க உரிமம் பெற்றவரே வேண்டும். அமெரிக்காவில் 180 நாட்களுக்கு ஒருமுறை, ஒருதரம்கூட விரிக்காவிட்டாலும், அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும் என்பது சட்டம். குதித்தவர் மயங்கியே போனாலும், குறிப்பிட்ட உயரம் வந்ததும் தானே இரண்டாவது பாராசூட்டை விடுவிக்கும் கருவி ஒன்றும் உண்டு. 1991-இல் ஜெர்மனியில் நம்பகமான ஒன்றைச் செய்தார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்ததன் பயன் என்னவென்றால், 1970-களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்டோர் இவ்விளையாட்டில் இறந்தனர். 2021-இல் முப்பத்தைந்து லட்சம் குதிப்புகளுக்குப் பத்துப் பேர். பத்தும் பத்து உயிர்தான். ஆனாலும் நாற்பதைப் பத்தாக்கியது துணிச்சல் அல்ல.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். வயிறு தரையை நோக்க விழுகிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார். அதாவது நொடிக்கு ஐம்பத்தைந்து மீட்டர் சொச்சம். ‘பாராசூட் சரியில்லை, இரண்டாவதை விரிக்கப் போகிறேன்’ என்ற முடிவைப் புதியவர் 2,500 அடிக்குக் கீழே தள்ளிப் போடக்கூடாது என்பது அமெரிக்கச் சங்கத்தின் விதி. 2,500 அடி என்றால் 762 மீட்டர். வகுத்துப் பாருங்கள், பதினான்கு நொடிகூட முழுதாக வராது. ஓர் அருள் நிறைந்த மரியே செபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம்! அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால்தான் யோசனை முழுவதையும் தரையிலேயே முடித்துவிடுகிறார்கள். கையை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தரையில் நின்றபடி நூறு தடவை செய்து பழகுகிறார்கள். நம் கணக்கு டீச்சர் சூத்திரத்தை நூறு முறை எழுதச் சொல்வது போலத்தான்.

அவர்களுக்கென்று சில பழக்கங்களும் உண்டு. யாராவது எதையாவது முதன்முறை செய்தால் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். (அந்த விருந்தில் என்ன பானம் என்பதைக் கன்னியர் மடத்துப் பள்ளியின் ஆண்டு மலரில் எழுத இயலாது.) முதல் நாள்காரரைப் பற்றி மூத்தவர்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லையாம், அவர் பயந்துகொண்டு சொன்னபடி கேட்பார். நூறு, இருநூறு தடவை குதித்து, ‘எனக்குத் தெரியும்’ என்ற எண்ணம் வந்தவரைத்தான் கண்ணிலெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்களாம். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே, தரைக்கு மிக அருகில் வேகமாகத் திருப்பி வித்தை காட்டப் போய் மாண்டவர்கள் அனுபவசாலிகளிலேயே பலர். 2012-இல் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து உலகையே வாய்பிளக்க வைத்த பெலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடரில் பறந்தபோது விபத்தில் இறந்தார்.

இவையெல்லாம் நாங்கள் தேடிப் போனவை. எங்களைப் பிடித்துக்கொண்டது இனிமேல்தான்.

விமானத்தில் ஏறிய பிறகும், கதவு திறந்த பிறகும்கூட, “இன்று நான் குதிக்கவில்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் விமானத்திலேயே இறங்கி வருவார். நல்ல குழுவில் யாரும் காரணம் கேட்பதில்லை, கேலி செய்வதில்லை. மேலே இருந்துகொண்டு ‘ஐயோ, தரையில் இருந்திருக்கலாமே’ என்று தவிப்பதைவிட, தரையில் இருந்துகொண்டு ‘அடடா, மேலே போயிருக்கலாமே’ என்று ஏங்குவது நல்லது என்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு. இன்னொன்று: ஏறும் முன் ஒருவர் வாரை மற்றவர் சரிபார்க்க வேண்டும். நேற்று வந்தவளாக இருந்தாலும், ஐயாயிரம் முறை குதித்தவரிடம் போய், “உங்கள் நெஞ்சு வார் முறுக்கிக்கொண்டிருக்கிறது” என்று சொல்லலாம். சொன்னால் அவர் கோபிப்பதில்லை, நன்றி சொல்கிறார்.

இதைப் படித்தபோது எங்கள் பெஞ்சில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா?

2018 ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பேரிடர்க் காலப் பயிற்சி நடந்தது. இரண்டாம் மாடி விளிம்பிலிருந்து குதிக்க வேண்டும். கீழே மாணவர்கள் வலையை விரித்துப் பிடித்திருப்பார்கள். 19 வயது மாணவி ஒருத்தி விளிம்பில் உட்கார்ந்து தயங்கினாள். அருகில் நின்ற பயிற்சியாளர் அவளைக் கீழே தள்ளினார். முதல் மாடியின் வெயில் தடுப்புச் சுவரில் தலை மோதி அவள் இறந்தாள். அவர் தங்கள் பயிற்சியாளரே அல்லர் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. அவரிடமிருந்த சான்றுகள் போலியானவை என்று போலீசார் கூறினர். இந்தச் செய்தியைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் போலிச் சான்றிதழைப் பற்றியே பேசுகிறார்கள். சான்றிதழ் உண்மையானதாக இருந்திருந்தால் தள்ளலாமா என்று நாங்கள் கேட்கிறோம். அவள் உடல் முழுவதும் ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க அங்கே ஒரு வழக்கம் இல்லை. அதுதான் குறை.

அதற்கு முன்பே, 2014 ஏப்ரலில் சேலத்தில் விமானத்திலிருந்து குதித்த பெங்களூரு இளம்பெண் ஒருவர், பாராசூட் உரியபடி விரியாததால் உயிரிழந்தார். நம் மாநிலத்தில் நடந்தது இது. வானத்து விளையாட்டுகளுக்கென்று தேசியக் கொள்கை ஒன்றை மத்திய அரசு வெளியிட்டது 2022 ஜூனில். எட்டு ஆண்டுகள்! விதிப் புத்தகம் நடந்து வருவதற்குள் விமானம் பறந்துவிடுகிறது.

புதியவரைத் தம் உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒரே பாராசூட்டில் குதிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1980-களில் வந்த முறை இது. மாணவி பிழைத்தால் ஆசிரியரும் பிழைப்பார். இல்லையேல் இருவருக்கும் ஒரே கதி. எங்களுக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று. மாடி விளிம்பில் பத்திரமாக நின்றுகொண்டு தள்ளுகிறவருக்கும் இவருக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் இந்த ஆசிரியரும் தரையிலேயே, “வருகிறாயா?” என்று கேட்கிறார், கதவருகே மறுபடியும் கேட்கிறார்.

கீழ்ப்படிதலை நாங்கள் குறை கூறவில்லை. நம் சிஸ்டர்கள் கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாகவே ஏற்றவர்கள். அந்தப் புண்ணியத்தில்தான் இந்தப் பள்ளி நடக்கிறது என்பதை அறிவோம். ஆனால் மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுபடுத்த அனுமதிக்க வேண்டும். மத்தேயு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில், அலகை இயேசுவைக் கோவிலின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, கீழே குதிக்கச் சொல்கிறான். வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று மறைநூலையே சான்று காட்டுகிறான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்ப்பது தகாது என்று மறுத்துவிடுகிறார். அவருக்குத் துணிவு இல்லையென்று யாராவது சொல்வார்களா? உயரத்தில் நிற்பவரிடம், சான்றோடும் மேற்கோளோடும் ‘குதி’ என்று ஒருவன் வரும்போது, ‘மாட்டேன்’ என்று சொன்ன முதல்வர் அவரே என்பது எங்கள் துணிபு. இதைச் சொன்னபோது சிஸ்டர் சிறிது யோசித்துவிட்டு, “எழுதுங்கள்” என்றார்கள்.

எங்களில் ஒருத்தி இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஒரு கோடை முகாமுக்குப் போயிருந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைச் சுவரில் ஏறி, மறுபுறம் குதித்து இறங்க வேண்டும். அவள் ஏறிவிட்டாள். மேலே போனதும் கை வியர்த்துவிட்டது, கயிறு வழுக்கியது. பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். “கமான், கமான்” என்று உற்சாகப்படுத்தினார்கள். யாரும் தள்ளவில்லை, கைதட்டலே தள்ளிவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. “பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே?” என்று வீட்டில் கேட்டார்கள். “யாரிடம் சொல்வது? அங்கே சொல்வதற்கு ஓர் இடமே இல்லையே” என்றாள். வலது கை அது. இன்றைக்கும் தேர்வில் மூன்றாம் மணி நேரம் எழுதும்போது வலிக்கிறது என்கிறாள்.

எனவே எங்கள் வேண்டுகோள் இதுதான். விளையாட்டு விழாவின் மனிதக் கோபுரமாகட்டும், தீயணைப்பு ஒத்திகையாகட்டும், சுற்றுலாவில் குற்றால அருவியாகட்டும், தொடங்கும் முன் பொறுப்பாளர் எல்லார் முன்னிலையிலும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: ‘எவளாவது இன்று வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்கமாட்டோம்.’ செய்து காட்டுகிறவர் முதலில் தாமே செய்து காட்டட்டும். ஆறாம் வகுப்புச் சிறுமி பத்தாம் வகுப்பு அக்காவிடம், “உங்க ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு” என்று சொன்னால், அக்கா குனிந்து கட்டிக்கொள்ளட்டும். இப்படி இடம் கொடுத்தால் எல்லாப் பெண்களும் ஒதுங்கிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சலாம். வான்குதிப்பவர்களுக்கு இறங்கி வர அனுமதி இருக்கிறது. இருந்தும் லட்சக்கணக்கில் குதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திரும்பி வரலாம் என்று தெரிந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் ஏணியின் முதற்படியில் காலே வைப்போம்.

பெற்றோருக்கும் ஒன்று. பாராசூட் எங்களுக்கு எட்டாக் கனி, அதைக் கேட்கவில்லை. ஆனால் நம்மூர்ப் பக்கம் கிணறும் கண்மாயும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அண்ணன் தம்பிகள் அதில் டைவ் அடிக்கிறார்கள். எங்களுக்குக் கரையில் துணி துவைக்க மட்டும் அனுமதி. தவறி விழுந்தால் தண்ணீர் ஆணா பெண்ணா என்று கேட்குமா? ‘போகாதே’ என்று சொல்வது பாதுகாப்பு என்று எண்ணுகிறீர்கள். போனால் எப்படித் திரும்புவது என்று சொல்லித் தருவதைத்தான் நாங்கள் பாதுகாப்பு என்போம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் ஐவருக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. எங்களில் ஒருத்தியின் தாத்தாவுக்கு ஊருக்கு வெளியே தோட்டம். மழை பெய்து கிணறு நிறைந்திருந்தது. தாத்தா பாராசூட்டைக் கண்டதில்லை. ஆனால் அவர் சட்டமும் அதேதான். கிணற்று மேட்டில் கால் வைத்ததுமே, “ஏட்டி, தண்ணி எத்தனை ஆள் கிடக்குன்னு பார்த்தியளா?” என்று அதட்டினார். கல்லைக் கட்டிக் கயிற்றை விட்டு அளந்தார். பம்புசெட் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது, பாறை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். தலைகீழாகப் பாயக்கூடாது, ஒருத்தி கரையேறிய பிறகே அடுத்தவள், படியில் ஒருத்தி எப்போதும் காவல். முதலில் அவரே, எழுபது வயதில், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதித்துக் காட்டினார். பிறகு எங்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டினார்.

நால்வர் குதித்தோம். விமானத்திலிருந்து குதிக்க ஆசைப்பட்டவள் மட்டும் கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது; இந்தக் கட்டுரை நினைவுக்கு வரவே அடக்கிக்கொண்டோம். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. “நாளைக்குப் பார்த்துக்கிடலாம் தாயி” என்று குடுக்கையை அவிழ்த்து மரத்தில் மாட்டினார். மறுநாளும் அவள் குதிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையிலேயே தயாராக வந்து நின்றாள். ஆனால் இரவெல்லாம் மோட்டார் ஓடித் தண்ணீர் இறங்கியிருந்தது. தாத்தா கல்லை விட்டுப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார்.

“இன்னைக்கு யாரும் இறங்க வேண்டாம் பிள்ளைகளா” என்றார். நாங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஆச்சி கொடுத்துவிட்ட சீனிக்கிழங்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.